இலைக்கும் துணிக்கும் நடுவே கேள்வி சிஸ்டர்

சிவகாசி வட்டாரத்தில் வெடிக்குப் பயப்படாத ஆட்கள் உண்டு. வெடிமருந்து அறை வாசலில் நின்று பீடி பற்றவைத்த ஒருவரைக்கூட நான் பார்த்திருக்கிறேன். இரண்டாம் முறை பார்க்க வாய்க்கவில்லை. ஆனால் கேள்வி சிஸ்டருக்குப் பயப்படாத ஒரே ஒரு ஆளைக்கூட அந்த வட்டாரத்தில் நான் கண்டதில்லை.

அவர் திட்ட மாட்டார். குரலை உயர்த்தவும் மாட்டார். கேள்வி கேட்பார், அவ்வளவுதான். வயிற்று வலி என்று ஒருவர் வந்தால், எந்தப் பக்கம், எப்போதிருந்து, சாப்பிட்ட பிறகா சாப்பிடாததாலா, வீட்டில் வேறு யாருக்காவது உண்டா, கிணறு யாருடையது என்று கேட்டுக்கொண்டே போவார். பாதியிலேயே அந்த ஆள் வலி நின்றுவிட்டதாகச் சொல்லி எழுந்துவிடுவார். ஒருமுறை பட்டாசு விபத்துக்கு வாக்குமூலம் வாங்க வந்த ஏட்டையா, தமக்கு ராத்திரியில் தூக்கம் வராததிலிருந்து மேலதிகாரியின் குணம் வரைக்கும் சிஸ்டரிடம் வாக்குமூலம் கொடுத்துவிட்டுத் தொப்பியை மறந்து போனார்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. தலைமை நர்ஸ். ஊர் மல்லாங்கிணறு. கரிசல் காடு நிறைய வைத்திருந்த குடும்பம். நர்ஸ் வேலைக்குப் போனால் வீட்டு வாசல் மிதிக்கக் கூடாது என்று அண்ணன்மார் சொன்னார்களாம். ஏன் என்று இவர் கேட்டாராம். அவர்களுக்குப் பதில் தெரியவில்லை. இவர் கிளம்பிவிட்டார்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். விருதுநகரில் ஓர் எண்ணெய் மில்லில் இருந்தபோது கொதிக்கிற எண்ணெய் முழங்கையில் கொட்டியது. சிவகாசிக்கு வெளியே வியாபாரிகள் கமிட்டி போட்டு நடத்திய ஓட்டுக் கட்டட ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து போட்டார்கள். கை ஆறியது. ஆறிய பிறகும் நான் போகவில்லை, சோறு கிடைத்ததால். சிஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏலே, கை ஆறிப்போச்சு. இன்னும் ஏன் இங்கன நிக்கே?"

பசி என்று சொன்னேன். அந்த வட்டாரத்தில் அவருடைய கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொன்னவன் நான்தான் போலிருக்கிறது. வேலை கொடுத்துவிட்டார்.

சிஸ்டர் கொஞ்ச காலம் மதராஸில் வேலை பார்த்திருந்தார். அங்கே ஓர் ஆராய்ச்சி நடந்ததாம். நோயாளிகளின் வீட்டுக்கு நர்ஸ்கள் போய்க் கேட்டுவந்ததையெல்லாம் பெரிய டாக்டர்கள் உட்கார்ந்து கேட்டார்களாம். அதைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு இங்கே இருந்த வழக்கம் பொறுக்கவில்லை. இங்கே டாக்டர் கண்டுபிடிப்பார், நர்ஸ் கழுவி வைப்பாள். சிஸ்டர் ஒரு சட்டம் போட்டார். ஆஸ்பத்திரியில் சம்பளம் வாங்கும் ஒவ்வொருவரும் ஆளுக்கு ஒரு கேள்வி வைத்திருக்க வேண்டும். அதற்குப் பதிலைத் தாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

கம்பவுண்டர், நோயாளிகள் மருந்தை ஒழுங்காகக் குடிக்கிறார்களா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். பல நாள் மறைந்திருந்து பார்த்ததில், ஆண்கள் வார்டு ஜன்னலுக்கு வெளியே நின்ற வேப்பமரம் பட்டுப்போன காரணம் தெரியவந்தது.

மருத்துவச்சியின் கேள்வி, தீப்பெட்டி ஒட்டுகிற பெண்கள் பிரசவத்துக்கு ஏன் கடைசி நிமிஷத்தில் வருகிறார்கள் என்பது. வீடு வீடாகப் போய் விசாரித்தாள். சாயங்காலம் ஏஜெண்டு வருவதற்குள் பெட்டியை ஒட்டி முடித்தாக வேண்டும். வலி எடுத்தாலும் பசைக் கிண்ணத்தை விட்டு எழ முடியாது. சரி, பசைக் கிண்ணத்தோடு வரட்டும் என்று சிஸ்டர் சொல்லிவிட்டார். பிரசவ வார்டில் கட்டிலுக்குக் கட்டில் பெண்கள் வலிக்கு நடுவே பெட்டி ஒட்டினார்கள். கமிட்டி செயலாளர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இது ஆஸ்பத்திரியா இல்லை ஆர்டர் எடுக்கிற கம்பெனியா என்று கேட்டார். எத்தனை பேர் நேரத்தோடு வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள் என்றார் சிஸ்டர். செயலாளர் பார்த்தார். போகும்போது பசை மட்டும் தரையில் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் டாக்டர் தங்கமான மனிதர். எதைச் சொன்னாலும் "பரவாயில்ல" என்பார். மருந்து தீர்ந்துவிட்டது என்றாலும் பரவாயில்ல, தீராமல் மிஞ்சிவிட்டது என்றாலும் பரவாயில்ல. அவருக்குப் பரவாயில்லை டாக்டர் என்றே பெயர். சிஸ்டரின் சட்டத்தைக் கேட்டபோதும் அதையேதான் சொன்னார்.

எல்லோரும் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார்கள், செல்லத்தாயைத் தவிர. அவள் விஸ்வநத்தத்துப் பெண். அப்பன் ஆத்தாள் காட்டு வேலைக்குப் போனவர்கள். மழை பொய்த்த பிறகு பட்டாசுக்கு மாறினார்கள். தங்கச்சி பேச்சியும் பட்டாசுக்குப் போய்ச் சம்பாதித்துத்தான் அக்காளை நர்ஸ் படிப்புக்கு அனுப்பினாள். வெந்த புண்ணுக்குக் கட்டுப் போடும் வேலை செல்லத்தாயுடையது. அதிகம் பேச மாட்டாள். சிஸ்டர் கேள்வி கேட்கக் கேட்கத் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஒருநாள் கட்டு அறையிலிருந்து வெளியே வந்து, யாரும் கேட்காமலே சொன்னாள்.

"சிஸ்டர், வெந்தப்ப கத்துனதவிட, துணியப் பிய்க்கும்போதுதான் அதிகமா கத்துறாக. எங்க ஊர்ல வெந்தவுகள எலையில படுக்கப் போடுவோம். எலை ஒட்டாது. கட்டுறதே எலைய வச்சுக் கட்டுனா என்ன?"

வாழை இலையைத்தான் சொன்னாள். வாசலின் களிம்பு தடவிய துணியை வைத்துக் கட்டுவதுதான் அப்போதைய முறை. அது புண்ணோடு ஒட்டிக்கொள்ளும். உப்புத் தண்ணீர் ஊற்றி ஊற விட்டுப் பிரித்தாலும் தோலோடு வரும். என் முழங்கையிலும் வந்தது. அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.

அன்று சிஸ்டர் வராண்டாவில் நடந்த நடை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அறுவடைக்கு நிற்கும் காட்டை வரப்பில் நின்று பார்த்துவிட்டு வருகிறவரின் நடை. மறுநாளே மதுரைக்குப் போய், தமக்குத் தெரிந்த பெரிய டாக்டர் ஒருவரைப் பார்த்துவிட்டு வந்தார். அவர் கேட்டுக்கொண்டு, இலை நல்லதா துணி நல்லதா என்று அந்தப் பெண்ணே தன் கையால் முதலிலிருந்து கடைசிவரை சுத்தமாகச் செய்து காட்டட்டும், தாமே வந்து பார்ப்பதாகச் சொன்னாராம். சரியாக இருந்தால் மதராஸ் ஆராய்ச்சியில் அவளைச் சேர்த்துக்கொள்ளச் சொல்வதாகவும் வாக்குக் கொடுத்தாராம். தட்டு ஏந்துவதற்கு அல்ல, ஆராய்ச்சி செய்வதற்கு.

அன்றிலிருந்து சிஸ்டருக்கு வேறு நினைப்பு இல்லை. விஸ்வநத்தத்துப் பெண்ணை மதராஸ் ரயிலில் ஏற்றிவிட வேண்டும். அதற்கு அந்த வேலை சுத்தமாக முடிய வேண்டும்.

முதல் சிக்கல் இலை. எங்கள் பக்கம் தினமும் கட்டுக்கு வேண்டிய அளவு வாழை ஏது? கருவேல இலையில் கட்டுப் போட முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் போய் இலைக்கட்டு வாங்கி, பஸ் மேலே போட்டுக் கொண்டுவருவது என் வேலை ஆயிற்று. இலைக்கட்டைப் பார்த்தவர்கள் எல்லாம் எங்கே கல்யாணம் என்று கேட்பார்கள். ஒருமுறை திருத்தங்கலில் நிஜமாகவே ஒரு கல்யாண வீட்டார், தங்களுக்கு வந்த இலை என்று நினைத்துப் பஸ்ஸிலிருந்து கட்டை இறக்கிக்கொண்டு போய்விட்டார்கள். சிஸ்டர் பந்திக்கே போனார். மாப்பிள்ளை வீட்டாரிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தார். சாம்பார் ஊற்றாத இலைகள் எல்லாம் திரும்பி வந்தன.

இரண்டாவது சிக்கல், யாருக்கு இலை, யாருக்குத் துணி என்பது. ஆயா ரொம்ப எளிதாகச் சொன்னாள், பாவப்பட்டவர்களுக்கு இலை வைக்கலாமே என்று. சிஸ்டர் எங்கள் எல்லோரையும் கூட்டி வைத்து விளக்கினார். பாவம் பார்த்து இலை கொடுத்தால் குழந்தைகளும் அழுகிறவர்களும் ஒரு பக்கம் சேர்ந்துவிடுவார்கள். கடைசியில், இலையினால் ஆறியதா, நாம் கூடுதலாகக் கவனித்ததால் ஆறியதா என்று யாராலும் சொல்ல முடியாது. மதராஸில் ஒட்டிய உறையைப் பிரித்து, அதில் என்ன எழுதியிருக்கிறதோ அந்த வைத்தியம் செய்வார்களாம். உறைக்கு எங்கே போவது? கோயில்களில் திருவுளச்சீட்டுப் போட்டுப் பார்ப்பதில்லையா, அதையே செய்வோம் என்றார்.

ஒரு பித்தளைச் செம்பு. அதற்குள் சுருட்டிய சீட்டுகள். பாதியில் இலை, பாதியில் துணி. புண்ணைப் பற்றி எதுவும் தெரியாத ஆள்தான் எடுக்க வேண்டும் என்பதால், சமையல்காரர் சுப்பையா அண்ணாச்சியைப் பிடித்தார்கள். அவர் குளித்து, திருநீறு பூசி, சூடம் கொளுத்தி, கண்ணை மூடிக்கொண்டு செம்புக்குள் கையை விடுவார். வார்டே எழுந்து நிற்கும்.

இந்த இடத்தில்தான் எங்களுக்கே உரிய ஒரு தப்பு நடந்தது. திருவுளச்சீட்டு என்றால் சாமியின் தீர்ப்பு. முதல் வாரம் ஒரு தொழிலாளிக்குத் துணி என்று வந்தது. உடனே அவருடைய மனைவி, சாமியே துணியைப் போர்த்தச் சொல்லிவிட்டாரே என்று மாரடித்து அழுதாள். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வண்டி கட்டி வந்துவிட்டார்கள். அந்த ஆள் எழுந்து உட்கார்ந்து, நான் இன்னும் இருக்கிறேன் என்று ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டியிருந்தது. இலை வந்த இன்னொருவர், இலை போட்டாகிவிட்டது, சோறு எப்போது என்று கேட்டார். சிஸ்டர் திருநீறுக்கும் சூடத்துக்கும் தடை போட்டார். திருநீறு இல்லாமல் என் கை செம்புக்குள் போகாது என்று சுப்பையா அண்ணாச்சி வேலைநிறுத்தம் செய்தார். பேசி முடித்ததில், சாமி கும்பிடுவதைச் சமையலறையிலேயே முடித்துக்கொண்டு, நெற்றியைத் துடைத்துவிட்டு வருவது என்று ஏற்பாடாயிற்று.

கட்டு அறைச் சுவரில் ஒரு கரும்பலகை. இடது பக்கம் சாக்கட்டியால் ஓர் இலை வரைந்திருக்கும். வலது பக்கம் ஒரு சதுரம், அதுதான் துணி. சீட்டு எதுவோ அந்தப் பக்கம் ஆளின் பெயர். புண் எப்போது ஆறியது என்று செல்லத்தாய் எழுதுவாள். இலையை அவளே தண்ணீரில் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, வழவழப்பான பக்கம் புண்ணில் படும்படி வைத்துக் கட்டுவாள். இலைக்காரர்கள் அலறவில்லை. துணிக்காரர்கள் அலறினார்கள். அலறல் கணக்கில் சேராது, ஆறுவதுதான் கணக்கு என்று சிஸ்டர் சொல்லிக்கொண்டிருந்தார். வார்டில் மற்ற எல்லோருக்கும் அலறல்தான் கணக்கு. சீட்டை மாற்றித் தரச் சொல்லி அழுதவர்கள் உண்டு, கோழி கொண்டுவந்தவர்கள் உண்டு, சுப்பையா அண்ணாச்சிக்கு வேட்டி எடுத்துவந்தவர்கள் உண்டு. சிஸ்டர் ஒரு சீட்டைக்கூட மாற்றவிடவில்லை. வந்த சீட்டு வந்ததுதான். ஒன்றை மாற்றினால் மற்றதை எவன் நம்புவான் என்பார். பலகை நிறைந்துகொண்டு வந்தது. மதுரை டாக்டர் தீபாவளி கழிந்து வருவதாகச் சொல்லியிருந்தார்.

தீபாவளி சீசனில்தான் எங்கள் பக்கம் எல்லாமே நடக்கும். லோடு ஏற்ற லாரிகள் வரிசையில் நிற்கும். அவசரம் அவசரமாக வேலை ஓடும். ஒருநாள் காலையில் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு லாரியிலேயே ஆட்களைக் கொண்டுவந்தார்கள். இலையில் கிடத்திக் கொண்டுவந்தவர்களில் ஒருத்தி பேச்சி. முதுகும் இரண்டு கைகளும் வெந்திருந்தன. நல்ல நினைவோடு இருந்தாள். அக்காளைப் பார்த்ததும், முகத்தில் படவில்லை, கல்யாணத்துக்குக் குறை இல்லை என்றாள்.

சுப்பையா அண்ணாச்சி வந்தார். செம்பில் கை விட்டார். துணி.

பரவாயில்லை டாக்டர் அன்றைக்குத்தான் முதல் தடவையாக வேறு ஒரு வார்த்தை சொன்னார். "வேண்டாம் சிஸ்டர்" என்றார். இந்தப் பெண்ணைச் சீட்டிலிருந்து விட்டுவிடலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்றார். சீட்டு எடுப்பதற்கு முன்னால் சொல்லியிருந்தால் விட்டிருக்கலாம், எடுத்தபிறகு எப்படி விடுவது என்றார் சிஸ்டர். சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பிறகு இரண்டு பேரும் செல்லத்தாயைப் பார்த்தார்கள்.

"துணின்னா துணிதான்" என்று சொல்லிவிட்டு அவள் வாசலின் டப்பாவை எடுத்தாள்.

பக்கத்துக் கட்டிலில் அதே லாரியில் வந்த ஒரு பெண்ணுக்கு இலை. ஒரே அறையில் வேலை பார்த்தவர்கள், ஒரே தீயில் வெந்தவர்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டுப் பிரிக்க வேண்டும். முதல் நாள் பேச்சி பல்லைக் கடித்துக்கொண்டாள். அடுத்த முறை கத்தினாள். அதற்கடுத்த முறை கத்தவில்லை. அக்காளைப் பார்த்துக் கேட்டாள்.

"அவளுக்கு எலை, எனக்குத் துணியாக்கா? நான் உன்கூடப் பிறந்தவதானா?"

செல்லத்தாய் உப்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். கதவுக்கு வெளியே சிஸ்டர் நின்றிருந்தார். நான் இலைக்கட்டோடு அவருக்குப் பின்னால் நின்றேன். அவர் என்னை ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் செல்லத்தாய் சாப்பிடப் போயிருந்தாள். அவள் தட்டில் கை வைத்துவிட்டுச் சாப்பிடாமலே எழுந்துவிடுகிறாள் என்று ஆயா சொல்லியிருந்ததால், அன்றைக்கு சுப்பையா அண்ணாச்சியை எதிரே உட்கார வைத்து, சாப்பிடும்வரை எழவிடக் கூடாது என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். என்னிடம் கொதிக்கவைத்த இலையைக் கேட்டார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவரே பேச்சியின் கட்டை நனைத்து நனைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து எடுத்தார். நெடுநேரம் ஆனது. இலையை வைத்துக் கட்டினார். வழிந்த வேர்வையைத் துடைக்கக்கூட அவர் கையை எடுக்கவில்லை.

செல்லத்தாய் திரும்பி வந்து பார்த்தாள்.

"யார் மாத்துனது?"

"நான்தான்."

"சீட்டு துணி, சிஸ்டர்."

"தெரியும்" என்றார் சிஸ்டர். கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதன் பிறகு சில நாள்தான் பேச்சி இருந்தாள். காய்ச்சல் கண்டது. ஊசி போட்டார்கள், பாட்டில் ஏற்றினார்கள். விடியற்காலையில் போய்விட்டாள். இலையாக இருந்தாலும் துணியாக இருந்தாலும் அந்தக் காய்ச்சல் வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். அது உண்மையாக இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளத்தானே சீட்டு எடுத்துக்கொண்டிருந்தோம்.

காரியங்கள் முடிந்து செல்லத்தாய் வேலைக்கு வந்தபோது, கரும்பலகையில் எல்லோருடைய பெயருக்கு எதிரிலும் ஏதோ ஒன்று எழுதியிருந்தது. துணிப் பக்கம் பேச்சியின் பெயருக்கு எதிரில் மட்டும் ஒன்றும் இல்லை. சிஸ்டர் எழுதாமல் விட்டிருந்தார். செல்லத்தாய் சாக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். துணிப் பக்கமே விட்டுவைத்தால், சாவு துணியின் தலையில் விழும். இலைக்கு நல்ல பெயர். ஆனால் செத்தது இலை வைத்த கட்டோடு. இலைப் பக்கம் மாற்றினால், சீட்டு சொன்னதற்கு மாறாகப் போகும். தங்கச்சியைச் சுடுகாட்டில் வைத்துவிட்டு வந்தவள், அவளை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் அங்கே நின்றாள். அன்றைக்குப் பலகையில் யாரும் எதுவும் எழுதவில்லை.

மதுரை டாக்டர் வந்தார். பலகையைப் பார்த்தார், புண் ஆறியவர்களைக் கூப்பிட்டுப் பார்த்தார், செம்பைத் தூக்கிப் பார்த்தார். நெற்றியைத் துடைத்த சுப்பையா அண்ணாச்சியைக்கூட விசாரித்தார். அவருக்குச் சந்தோஷம்தான். சீட்டு எல்லாம் அப்படியே நடந்ததா என்று கடைசியாகக் கேட்டார். சிஸ்டர் வாய் திறப்பதற்குள் செல்லத்தாய் சொன்னாள், ஒன்று நடக்கவில்லை என்று.

மாற்றியது நான், இந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் மாற்றினேன் என்று சிஸ்டர் சொன்னார். யார் அந்த நோயாளி என்று மதுரை டாக்டர் கேட்க, பரவாயில்லை டாக்டர்தான் தாழ்ந்த குரலில் விவரம் சொன்னார். மதுரை டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர். இத்தனை பேரில் ஒருத்தி, அவள் பெயரை மட்டும் அழித்துவிடலாம், மற்றதெல்லாம் சுத்தமாக இருக்கிறது, ஒன்றும் கெட்டுப்போகாது என்றார். பலகை துடைக்கும் துணியை எடுத்து அவரே செல்லத்தாயிடம் நீட்டினார்.

மதராஸ் அவளுக்கு அந்தத் துணியின் தூரத்தில் இருந்தது.

"அழிக்க முடியாதுங்கய்யா" என்றாள் செல்லத்தாய். "அவ இங்கன கிடந்தா. கிடக்கவே இல்லைன்னு நான் எப்படிச் சொல்ல?"

மதுரை டாக்டர் துணியை மேஜையில் வைத்தார். அப்படியானால் இந்த வேலையை வெளியே எங்கேயும் காட்ட முடியாது, மறுபடியும் முதலிலிருந்து செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

மறுபடியும் செய்ய முடியவில்லை. எங்கள் வட்டாரத்தில் அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வெந்தவர்கள் வரும்போதே இலைக்கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார்கள். செம்பை எடுத்தாலே அடிக்க வந்தார்கள். இலை நல்லது என்று ஊருக்கே தெரியும். அதை நிரூபிக்கத்தான் வழி இல்லாமல் போயிற்று.

ஊரில் பேச்சு வேறு விதமாகவும் கிளம்பியது. நர்ஸ்மார் சீட்டுக் குலுக்கி ஒரு பிள்ளையைக் கொன்றுவிட்டார்கள் என்று. கமிட்டி கூடியது. உள்ளே காப்பி கொண்டுபோனது நான்தான் என்பதால் நடந்ததைப் பார்த்தேன். அன்றைக்குக் கேள்வி கேட்டது அவர்கள். சிஸ்டர் நின்றுகொண்டு பதில் சொன்னார். செம்பும் என்னுடையது, சீட்டும் என்னுடையது, அந்தப் பெண் நான் சொன்னதைச் செய்தாள் என்றார். வேலையை விட்டுப் போகத் தயார் என்றார். ஒன்று மட்டும் கேட்டார். மதுரை டாக்டர் செல்லத்தாயைக் கேட்டால், தடை சொல்லாமல் அனுப்ப வேண்டும்.

மதுரை டாக்டர் கேட்டார். பலகையைக் காட்ட முடியாவிட்டாலும், அழிக்க மறுத்த பெண்ணைக் காட்டலாம் என்று அவர் மதராஸில் சொன்னதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். சிஸ்டர் தகரப் பெட்டியோடு கிளம்பிய அன்று ஆயா அழுதாள், கம்பவுண்டர் அழுதார். சுப்பையா அண்ணாச்சி கட்டுச்சோறு கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். செல்லத்தாய் கட்டு அறையை விட்டு வெளியே வரவில்லை. பேச்சி செத்த நாளிலிருந்து வேலை விஷயம் தவிர அவரோடு அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. சிஸ்டரும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. பெட்டியைப் பஸ் மேலே ஏற்றியது நான்.

நானும் கொஞ்ச நாளில் கிளம்பிவிட்டேன். எங்கெங்கோ இருந்தேன். உப்பளம், கல்குவாரி, ஒரு சர்க்கஸில் குதிரைக்குப் புல். சில வருஷம் கழித்து மதராஸில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு குடிசைப் பகுதியில் குடை பிடித்துக்கொண்டு ஒரு நர்ஸ் வந்தாள். பின்னால் இரண்டு சின்ன நர்ஸ்கள். ஒரு வீட்டு வாசலில் நின்று, மாத்திரையை எப்போது சாப்பிட்டீர்கள், சாப்பிடாத அன்றைக்கு ஏன் சாப்பிடவில்லை என்று விசாரித்தாள். அந்த வீட்டுக்காரர் உண்மையைச் சொல்லிவிட்டுத் திருதிருவென்று விழித்தார். குடையைத் தாழ்த்தியபோதுதான் செல்லத்தாய் என்று தெரிந்தது.

டீக்கடையில் உட்கார்ந்து பேசினோம். அங்கே அவளுடைய கேள்விக்கென்று ஒரு மேஜை கொடுத்திருக்கிறார்களாம். சின்ன நர்ஸ்களுக்கும் ஆளுக்கு ஒரு கேள்வி கொடுத்திருக்கிறாளாம். சிஸ்டரைப் பற்றிய பேச்சை நானும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. டீ ஆறிப்போன பிறகு கேட்டாள்.

"அண்ணாச்சி, அவுகளப் பாத்தீகளா? எப்படி இருக்காக?"

பார்க்கவில்லை என்றேன்.

"பேச்சி வந்த நாள்லருந்து ஒரு பொட்டுத் தூங்கல. எலைய வச்சுக் கட்டுன அன்னைக்கு மத்தியானம் தூங்கிட்டா. வாயத் தொறந்துக்கிட்டு, கொறட்டை விட்டு, சின்னப் பிள்ளையில தூங்குவாளே, அந்த மாதிரி. நான் பக்கத்துல உக்காந்து அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருந்தேன். சிஸ்டர் மேல அம்புட்டுக் கோவம். கோவத்துல இதை அவுககிட்டச் சொல்லாம விட்டுட்டேன்."

எழுதிப் போடலாமே என்றேன்.

"நாள் முச்சூடும் எழுதுறேன். இது மட்டும் எழுத வரமாட்டேங்குது, அண்ணாச்சி."

அந்த வாரமே ரயில் ஏறினேன். மல்லாங்கிணற்றில் விசாரித்தபோது, அண்ணன் வீட்டில், மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய அறையில் இருப்பதாகச் சொன்னார்கள். சோறு போட்டு வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். களத்தில் மிளகாய் வற்றலைப் பரப்பிக்கொண்டு காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். என்னைப் பார்த்து "வா" என்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நானும் எதிரே உட்கார்ந்து காம்பு கிள்ளினேன்.

செல்லத்தாயின் குடையைச் சொன்னேன், மேஜையைச் சொன்னேன், சின்ன நர்ஸ்களைச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு அந்த மத்தியானத் தூக்கத்தை, அவள் சொன்ன வார்த்தையிலேயே, கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

கிள்ளிக்கொண்டிருந்த கை நின்றது. முந்தானையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டார். மிளகாய் நெடி என்று சொன்னார். நானும் ஆமாம் என்றேன். விருதுநகருக்குப் போகும் பஸ் ஒன்று ரோட்டில் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அப்புறம் இன்னொன்றும் போனது. அவர் அழுது முடிக்கும்வரை, அன்றைக்கு அந்தப் பக்கம் வந்த பஸ்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் போகவிட்டுக்கொண்டிருந்தேன்.